மாமரம் பூக்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

தை பிறந்தால் போதும், தெருவில் யார் வீட்டு மாமரம் பூத்திருக்கிறது, யார் வீட்டு மரம் வெறும் இலையோடு நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். வெறும் இலையோடு நிற்கும் வீட்டுக்காரர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். செங்கல்பட்டு வட்டாரத்தில் வீட்டுத் தோட்டங்களைப் பராமரித்துக் கொடுப்பது என் வேலை. மரம்தான் மாறுமே தவிர, வருஷா வருஷம் கேள்வி ஒன்றுதான்: "இத்தனை வருஷமாச்சு, ஏன் பூக்கவே மாட்டேங்குது?"

திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்குத் தெளிவான விஷயம் இது. பூக்காத கொல்லை மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு நோய் எதுவும் கிடையாது. தண்ணீர், நிழல், கிளை வெட்டிய மாதம், இந்த மூன்றில் ஏதோ ஒன்றுதான் இடிக்கும். அதைச் சரிசெய்யக் காசு செலவில்லை. ஆனால் பலரும் கடைசியில் செய்ய வேண்டிய மருந்து வேலையை முதலில் செய்கிறார்கள். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத சோதனையை முதலிலும், ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். உங்கள் மரத்துக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்க வேண்டியவை

ஒன்று, மாதம். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் மா மார்கழியில் பூக்கத் தொடங்கி மாசி வரை பூக்கும். நீலம் போன்ற பின்பருவ ரகங்கள் மற்றவற்றைவிடத் தாமதமாக வரும். ஆக, பக்கத்து வீட்டு மரம் மார்கழியிலேயே பூத்துவிட்டது என்பதற்காக உங்கள் நீலத்தை அதோடு ஒப்பிட வேண்டாம். மாசி பாதி வரை பொறுங்கள். கன்னியாகுமரிப் பக்கம் இந்தக் கணக்கே வேறு. அங்கே மா பருவம் தப்பியும் பூக்கும்.

இரண்டு, கிளை நுனி. மாம்பூ பெரும்பாலும் கிளையின் நுனி மொட்டிலிருந்துதான் வரும். கைக்கு எட்டும் ஒரு கிளையை வளைத்து, நுனியை வெளிச்சத்தில் பாருங்கள். மொட்டு மெலிந்து, ஊசிபோல் கூர்மையாக இருந்தால் அடுத்து வரப்போவது கொழுந்து, அல்லது மரம் இன்னும் எதையும் முடிவு செய்யவில்லை. மொட்டு பருத்து, உருண்டு, மேலே உள்ள செதில்கள் விரியத் தொடங்கியிருந்தால் பூ வரும் வாய்ப்பு அதிகம். அப்புறம் அந்த நுனிக்குக் கீழே உள்ள இலை ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் வைத்து நசுக்குங்கள். கரும்பச்சையாக இருந்து, மொடமொடவென்று நொறுங்கினால் கிளை முற்றிவிட்டது. துவண்டு மடங்கினால் அந்தக் கிளை இன்னும் இளசு, இந்தப் பருவத்தில் அதில் பூவை எதிர்பார்க்க முடியாது.

மரத்தின் நாலு பக்கமும் இப்படிப் பத்துப் பதினைந்து நுனிகளைப் பார்த்துவிடுங்கள். மீதிச் சோதனைகள் எல்லாம் இதை வைத்துத்தான்.

அறிகுறி: நட்டு வருஷங்கள் ஆகியும் ஒரு பூகூட வந்ததில்லை

*வயது.* கொட்டை போட்டு முளைத்த மரமா, ஒட்டுக்கன்றா? ஒட்டுக்கன்று நல்ல வெயிலில் இருந்தால் மூன்று முதல் ஐந்து வருஷத்தில் பூக்கும். கொட்டையில் வந்த மரம் ஆறு வருஷத்துக்கு முன் பூத்தால் அதிர்ஷ்டம், பத்து வருஷம்கூட எடுக்கும். சாப்பிட்ட பழம் நன்றாக இருந்ததே என்று கொட்டையைப் போட்ட வீடுகளில் பாதிப் பிரச்சினை இதுதான். காத்திருப்பதைத் தவிர அங்கே செய்ய ஒன்றுமில்லை, மரத்தின் மேல் தவறும் இல்லை.

நர்சரிப் பையில் இருக்கும்போதே பூத்த ஒட்டுக்கன்றைப் பார்த்து வாங்கியவர்கள் குழம்புவார்கள். "அப்போ பூத்துச்சு, இப்போ நாலு வருஷமா இல்லை" என்பார்கள். ஒட்டுக் கட்டிய குச்சி முற்றிய மரத்திலிருந்து வந்தது, அந்த நினைப்பில்தான் பையிலேயே பூத்தது. நிலத்தில் வேர் பிடித்ததும் கன்று வளர்ச்சியில் இறங்கிவிடும். முதல் மூன்று வருஷம் பூ வந்தாலும் கிள்ளிப்போட வேண்டும் என்பதுதான் பழத்தோட்டங்களில் வழக்கம். ஆகவே இது இழப்பில்லை.

*ஒட்டு உயிரோடு இருக்கிறதா?* வயது வந்த ஒட்டு மரம் பூக்காவிட்டால் நான் முதலில் குனிந்து பார்ப்பது அடிமரத்தை. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குள் ஒரு தழும்பு இருக்கும். பட்டையின் நிறம் மாறியிருக்கும், அல்லது மேலும் கீழும் பருமன் வேறுபடும், சில மரங்களில் லேசான வளைவு தெரியும். அந்தத் தழும்புக்கு மேலே உள்ள பகுதிதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பங்கனபள்ளியோ இமாம்பசந்தோ. கீழே உள்ளது ஏதோ ஒரு கொட்டைக் கன்று.

இப்போது கிளைகள் எங்கிருந்து கிளம்புகின்றன என்று பாருங்கள். தழும்புக்குக் கீழிருந்து ஒரு தண்டு தடித்து மேலே போயிருந்தால், மேல் ஒட்டு எப்போதோ பட்டுப்போய் கொட்டைக் கன்றுதான் மரமாகியிருக்கிறது. ஆடு கடித்தது, கட்டட வேலையில் ஒடிந்தது, முதல் கோடையில் காய்ந்தது என்று காரணம் ஏதாவது இருக்கும். இரண்டு தண்டும் உயிரோடு இருந்தால் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். ரகத்துக்கு ரகம் மணம் மாறும், வித்தியாசம் பெரும்பாலும் மூக்குக்கே தெரிந்துவிடும்.

கீழ்த்தண்டு சிறிதாக இருந்தால் அடியோடு அறுத்துவிடுங்கள், வேலை முடிந்தது. அதுவே மரமாகிவிட்டது என்றால் இரண்டு வழி. கொட்டை மரமாக ஏற்றுக்கொண்டு காத்திருக்கலாம். இல்லையென்றால் கிளைகளை வெட்டித் துளிர்க்கவிட்டு, அந்தத் துளிரில் வேண்டிய ரகத்தை ஒட்டுக் கட்டலாம்.

*ஆளைக் கூப்பிடும் கட்டம்:* இந்த மறு ஒட்டு வேலைக்கு மட்டும். யூடியூப் பார்த்துச் செய்து பழகும் மரமாக இருபது அடி மாமரத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். நர்சரியில் தினமும் ஒட்டுக் கட்டும் ஆட்கள் இருப்பார்கள், அவர்களில் ஒருவரை அழைத்து வாருங்கள்.

அறிகுறி: மரம் செழித்து நிற்கிறது, ஆனால் பூ இல்லை

எனக்கு வரும் அழைப்புகளில் இதுதான் மிக அதிகம். இலை கறுகறுவென்று இருக்கும், வருஷத்துக்கு நாலு முறை கொழுந்து விடும், நிழல் பந்தல் போட்டதுபோல் இருக்கும். பூ மட்டும் இல்லை. வரிசையாகப் பாருங்கள்.

*தண்ணீர்.* மா பூக்க வேண்டுமென்றால் பூப்பதற்கு முன் அதற்கு ஒரு காய்ச்சல், அதாவது தண்ணீரில்லாமல் காயும் காலம், வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு மண் காய, இரவு குளிர, கிளை வளராமல் சும்மா நிற்க வேண்டும். அந்தச் சும்மா நிற்கும் காலத்தில்தான் நுனி மொட்டு பூவாக மாறும். கிருஷ்ணகிரியிலோ சேலத்திலோ இரவுக் குளிர் நன்றாக உதவும். சென்னையை ஒட்டிய பகுதிகளில் ஜனவரி இரவுகளே பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். குளிர் கைகொடுக்காத ஊரில் காய்ச்சல்தான் முழு வேலையையும் செய்தாக வேண்டும்.

கொல்லையில் இந்தக் காய்ச்சல் கிடைக்காமல் போவதற்குக் காரணம் யாரும் வேண்டுமென்று ஊற்றும் தண்ணீர் இல்லை. பாத்திரம் தேய்க்கும் இடத்திலிருந்து வரும் வாய்க்கால், வாஷிங் மெஷின் குழாய், மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழியும் பைப், ஏசி தண்ணீர், செப்டிக் டேங்க் கசிவு, இவைதான். ஒரு வீட்டில் நாங்கள் மரத்தடியைச் சுற்றி எல்லாம் பார்த்தோம், பாத்தி காய்ந்துதான் இருந்தது. கடப்பாரையால் ஓர் அடி தோண்டினால் மண் சேறாக வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் துணி துவைக்கும் கல், அதன் சோப்புத் தண்ணீர் முழுவதும் அஸ்திவாரத்துக்கு அடியில் ஊறி மரத்தின் வேருக்கு வந்துகொண்டிருந்தது. அந்த வீட்டம்மா மரத்துக்குத் தண்ணீரே விடுவதில்லை என்று சொன்னது உண்மைதான். தண்ணீர் தானாக வந்துகொண்டிருந்தது.

அதனால் மேல்மண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கார்த்திகைக் கடைசியில், மழை நின்று பத்து நாள் கழித்து, கிளை விரிவின் விளிம்புக்கு நேர் கீழே ஓர் அடி ஆழத்துக்குத் தோண்டுங்கள். மண்ணை எடுத்து உருட்டிப் பாருங்கள். உருண்டை பிடித்து, கையில் ஈரம் ஒட்டினால் எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது. அதைத் தேடி வேறு பக்கம், வாழைக்கோ கருவேப்பிலைக்கோ, திருப்பிவிடுங்கள். வளர்ந்த மரத்துக்குக் கார்த்திகை முதல் பூ நன்றாக வெளியே தெரியும் வரை ஒரு குடம் தண்ணீர்கூடத் தேவையில்லை. பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகு மறுபடி தண்ணீர் தொடங்கலாம்.

இதைச் சொன்னால் மனசு கேட்காது, எனக்குப் புரிகிறது. பிள்ளை மாதிரி வளர்த்த மரத்தை எப்படிக் காயப்போடுவது என்று கேட்பார்கள். ஐந்து வயது தாண்டிய மாமரம் நம் ஊர் மார்கழி, தை வறட்சியில் வாடாது. கன்றுக்கும் தொட்டியில் உள்ள மரத்துக்கும் மட்டும் இந்தக் காய்ச்சல் வேண்டாம்.

*உரம்.* வீட்டு மரத்துக்குப் போவது பெரும்பாலும் சாணம், யூரியா, சமையல் கழிவு. எல்லாமே இலையை வளர்க்கும் தழைச்சத்துப் (நைட்ரஜன்) பக்கம் சாய்ந்தவை. ஆறு வயதுக்கு மேற்பட்ட மாமரத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு வருஷத்துக்கு 50 கிலோ தொழு உரம், 1 கிலோ தழைச்சத்து, 1 கிலோ மணிச்சத்து, 1.5 கிலோ சாம்பல்சத்து. சாம்பல்சத்துதான் அதிகம் என்பதைக் கவனியுங்கள். இது சத்தின் எடை, மூட்டையின் எடை இல்லை. யூரியாவில் 46 சதவீதம்தான் தழைச்சத்து, பொட்டாஷில் 60 சதவீதம் சாம்பல்சத்து. கழிவுநீர் பாயும் மரமாக இருந்தால் நான் யூரியாவை அடியோடு நிறுத்திவிட்டுப் பொட்டாஷை மட்டும் போடச் சொல்வேன்.

அளவைவிட முக்கியம் மாதம். உரம் புரட்டாசி, ஐப்பசியில் மழையோடு போய்விட வேண்டும். கார்த்திகைக்குப் பிறகு போட்டால் அது கொழுந்தாகத்தான் வெளியே வரும். அடிமரத்தை ஒட்டிக் கொட்டாமல், இரண்டு மூன்று அடி தள்ளி, கிளை விரிவின் விளிம்பு வரை பரப்பிக் கொத்திவிடுங்கள்.

*நிழல்.* நட்டபோது திறந்த வெளியாக இருந்திருக்கும். இப்போது பக்கத்து மனையில் மூன்று மாடி. மரத்தின் உச்சிக்கு வெயில் விழுகிறதா என்று காலை ஒன்பதுக்கும், நண்பகலிலும், மாலை நாலுக்கும் மொட்டை மாடியிலிருந்து பாருங்கள். மார்கழியில் பாருங்கள், ஏனென்றால் அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், தெற்குப் பக்கக் கட்டடத்தின் நிழல் கோடையில் இருப்பதைவிட நீளும். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் இல்லையென்றால் பூ குறையும், பாதி நாளும் நிழலென்றால் பூவே வராமல் போகலாம். மரத்தின் சொந்த நிழலும் உண்டு. நடுவில் நெருக்கமாக இருக்கும் கிளைகளைக் கழித்தால் உள்ளே வெளிச்சம் போகும்.

*வெட்டிய மாதம்.* மின்கம்பியில் படுகிறது, தீபாவளிக்குச் சுத்தம் செய்கிறோம், பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறோம் என்று ஐப்பசியிலோ மார்கழியிலோ நுனிகளைக் கழித்துவிடுவார்கள். பூக்க வேண்டிய நுனியே போய்விடும். வெட்டிய இடத்தில் வரும் கொழுந்து முற்ற நாலைந்து மாதம் ஆகும், அதற்குள் பருவம் முடிந்துவிடும். கவாத்து செய்வதென்றால் காய் பறித்தவுடன், ஆடி ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். அப்போது வரும் கொழுந்துதான் தையில் பூக்கும் கிளை.

*தெளிப்பு.* மேலே சொன்ன நாலும் சரியாக இருந்தும் மாசி பிறக்கும்வரை பூ வரவில்லை என்றால் பொட்டாசியம் நைட்ரேட் தெளிக்கலாம். லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம். அதாவது ஒரு சதவீதக் கரைசல். அது கிடைக்காவிட்டால் லிட்டருக்கு 5 கிராம் யூரியா. இலை நனைந்து சொட்டும் அளவுக்கு, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். இலை நொறுங்கும் சோதனையில் தேறிய மரத்துக்கு மட்டும்தான் இது. இளம் இலை மரத்தில் தெளித்தால் இன்னொரு சுற்றுக் கொழுந்து வரும், அவ்வளவுதான். தேறிய மரமாக இருந்தால் இரண்டு வாரத்தில் மொட்டு அசைவு தெரியும். 1970களில் ராமோன் பார்பா என்ற பிலிப்பைன்ஸ் விஞ்ஞானி இந்தத் தெளிப்பைக் கண்டறிவதற்கு முன்னால், அந்த நாட்டு விவசாயிகள் மரத்தடியில் நாள்கணக்காகப் புகை மூட்டித்தான் மாவைப் பூக்கவைத்தார்கள். அந்த உழைப்பை நினைத்தால் லிட்டருக்குப் பத்து கிராம் என்பது பெரிய கொடை.

*ஆளைக் கூப்பிடும் கட்டம்:* பேக்லோபியூட்ரசால் என்ற வளர்ச்சி அடக்கியை வேரில் ஊற்றுவதாக யாராவது சொன்னால் அங்கே நில்லுங்கள். தோட்டக்காரர்கள் செப்டம்பர் முதல் பாதியில் பயன்படுத்துகிறார்கள், வேலையும் செய்யும். ஆனால் அது மண்ணில் நாள்பட நிற்கும் மருந்து. அளவு கூடினால் அடுத்தடுத்த வருஷக் கிளைகளும் கூம்பிக் குறுகிவிடும். பக்கத்தில் கிணறும் கீரைப் பாத்தியும் இருக்கும் கொல்லையில் நான் அதை ஊற்றுவதில்லை. வேண்டுமென்றே தீர வேண்டும் என்றால் தோட்டக்கலை அலுவலர் மரத்தை நேரில் பார்த்து, கிளை விரிவை அளந்து, அளவு சொன்ன பிறகு செய்யுங்கள்.

இந்த இடத்திலேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பூக்காத மரத்தில் ஆணி அடிப்பது, அரிவாளால் பட்டையைக் கொத்துவது, வேரில் கல்லுப்பைக் கொட்டுவது, இவை எல்லா ஊரிலும் நடக்கின்றன. பட்டையில் விழும் காயம் சில சமயம் பூவைத் தூண்டும் என்பது பொய்யில்லை. ஆனால் அந்தக் காயத்தின் வழியாகப் பிசின் நோயும் தண்டு துளைப்பானும் உள்ளே போகின்றன. ஒரு வருஷப் பூவுக்காக நாற்பது வருஷ மரத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும். உப்பு இன்னும் மோசம். தென்னை தாங்கும், மா தாங்காது. இலை விளிம்பு கருகத் தொடங்கினால் அந்த மண்ணைத் திருத்துவது பெரிய வேலை.

அறிகுறி: போன வருஷம் கொட்டிக் கொடுத்தது, இந்த வருஷம் ஒன்றுமில்லை

மாவுக்கு இது இயல்பு. ஒரு வருஷம் நிறையக் காய்த்த மரம் கோடை முழுவதும் பழத்தைச் சுமந்துவிட்டு, ஆடி ஆவணியில் கொழுந்து விடத் தெம்பில்லாமல் நின்றுவிடும். கொழுந்து இல்லையென்றால் அடுத்த தையில் பூக்கக் கிளை இல்லை. அல்போன்சா இதில் பேர்போனது. மல்கோவாவும் இமாம்பசந்தும் நல்ல வருஷத்திலேயே அளவாகத்தான் தரும். நீலமும் தோத்தாபுரியும் ஏறக்குறைய வருஷம் தவறாமல் காய்க்கும். அவை ஒரு வருஷம் முழுக்க நின்றுவிட்டால் மேலே உள்ள தண்ணீர்ச் சோதனைக்குப் போங்கள்.

ரகத்தின் குணம்தான் என்றால் இந்த வருஷத்துக்குச் செய்ய ஒன்றுமில்லை. அடுத்த முறை காய் நிறையப் பிடிக்கும் வருஷத்தில் எலுமிச்சை அளவு வரும்போது கொஞ்சத்தை வடுவாகப் பறித்துவிடுங்கள். ஊறுகாய்க்கும் ஆகும். பழம் முடிந்ததும் காம்புக் குச்சிகளை ஒடித்துவிட்டு, தாமதிக்காமல் ஒரு தண்ணீர் விட்டால் புதுக் கொழுந்து நேரத்தோடு வந்துவிடும். இது மட்டும்தான், இதற்கு யாரையும் கூப்பிட வேண்டாம்.

புதிதாக நடுகிறவர்கள் யோசிக்க வேண்டிய இடமும் இதுதான். ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால், வருஷம் தவறாமல் காய்க்கும் ரகமாகப் பாருங்கள். நீலத்தையும் தசேரியையும் சேர்த்து உருவாக்கிய மல்லிகா, அமரப்பாலி இரண்டும் கொல்லைக்கு நல்லவை. அமரப்பாலி குட்டையாகவும் வளரும்.

அறிகுறி: மரத்தின் ஒரு பக்கம் மட்டும் பூக்கிறது

மா பக்கம் பக்கமாகப் பூப்பது புதிதில்லை. இந்தப் பக்கம் கொழுந்தும் அந்தப் பக்கம் பூவுமாக நிற்கும் மரத்தை எங்கும் பார்க்கலாம். அடுத்த வருஷம் பக்கம் மாறினால் கவலையை விடுங்கள். வருஷா வருஷம் ஒரே பக்கம்தான் பூக்கிறது என்றால் பூக்காத பக்கம் நிழலில் இருக்கும். மேலே சொன்ன வெயில் சோதனையைச் செய்யுங்கள்.

வெயிலும் சரியாக இருந்து ஒரு பெரிய கிளை மட்டும் பல வருஷமாகப் பூக்காமல் இருந்தால் புல்லுருவி இருக்கிறதா பாருங்கள். மாவிலை நடுவே தடித்த, சாம்பல் பூத்த பச்சை நிறத்தில் வேறு இலை தெரியும். கிளையில் அது ஒட்டிய இடம் முடிச்சாக வீங்கியிருக்கும். சிவப்பும் ஆரஞ்சுமாகக் குழல் பூக்கள் வரும். மரம் பூத்துவிட்டது என்று சந்தோஷமாகப் போட்டோ அனுப்பியவர்களுக்கு அது புல்லுருவிப் பூ என்று சொல்ல நேர்வது எனக்குக் கஷ்டமாக இருக்கும். பூக்கொத்திக் குருவிகள் அதன் பழத்தைத் தின்று, ஒட்டும் விதையை அடுத்த கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். அதனால் அது பழுக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். செடியை மட்டும் பிடுங்கினால் மறுபடி துளிர்க்கும். ஒட்டிய முடிச்சுக்கு ஓர் அடி கீழே கிளையோடு சேர்த்து அறுங்கள்.

*ஆளைக் கூப்பிடும் கட்டம்:* அது கணுக்கால் பருமனுக்கு மேல் உள்ள கிளையிலோ, மின்கம்பிக்குப் பக்கத்திலோ இருந்தால் மரம் வெட்டத் தெரிந்தவரை அழையுங்கள். மாங்கிளை பார்க்கத் திடமாக இருக்கும், ஏறி நின்றால் சட்டென்று முறியும்.

அறிகுறி: பூக்க வேண்டிய நேரத்தில் கொழுந்து விடுகிறது

மார்கழியில் நுனி அசைந்தது, ஆசையாகப் பார்த்தால் செம்பு நிற இலை. மழை கார்த்திகையைத் தாண்டி நீண்ட வருஷங்களில் இது ஊர் முழுக்க நடக்கும். பக்கத்து மரங்களும் அப்படித்தானா என்று ஒரு சுற்று நடந்து பாருங்கள். எல்லாமே கொழுந்து என்றால் வானிலைதான் காரணம், உங்கள் மரத்தில் எதையும் மாற்ற வேண்டாம். உங்கள் மரம் மட்டும் என்றால் தண்ணீர், உரம், வெட்டிய மாதம், அதே வரிசை.

கொழுந்து வந்துவிட்டதே என்று அதைக் கிள்ளிவிடாதீர்கள். எல்லாக் கிளையும் ஒரே நேரத்தில் கொழுந்து விடுவதில்லை. விடாமல் நிற்கும் முற்றிய நுனிகள் மாசியில் பூக்கக்கூடும்.

அறிகுறி: பூ வந்தது, கருகி உதிர்ந்துவிட்டது

உதிர்வது எல்லாமே கோளாறில்லை. ஒரு கொத்தில் ஆயிரம் பூவுக்கு மேல் இருக்கலாம், பெரும்பாலானவை ஆண் பூக்கள். கொத்துக்கு ஒன்றிரண்டு காய் நின்றாலே மரம் நிறையும். கொத்தின் காம்பு பச்சையாக இருந்து பூ மட்டும் உதிர்ந்தால் விட்டுவிடுங்கள். காம்பே காய்ந்து கறுத்தால்தான் தேட வேண்டும்.

ஒரு கொத்தைப் பிடித்து லேசாக உலுக்குங்கள். ஆப்பு வடிவத்தில் சின்னச் சின்னப் பூச்சிகள் குதித்துச் சிதறினால் தத்துப்பூச்சி. மரத்தடியில் நின்றால் மேலே ஈரம் படுவதுபோல் இருக்கும், கீழே உள்ள இலையும் தரையும் பிசுபிசுக்கும், சில நாளில் இலை மேல் கரி பூசியதுபோல் கரும்பூஞ்சணம் படியும். கொத்து வெளிவரும்போதே லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு கலந்து தெளித்தால் வீட்டு மரத்துக்குப் பெரும்பாலும் போதும். கரும்பூஞ்சணத்துக்கு மைதாக் கஞ்சி நன்றாக வேலை செய்கிறது. ஒரு கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணீரில் கொதிக்கவிட்டு ஆறவைத்து, 20 லிட்டராக்கித் தெளியுங்கள். வெயிலில் காய்ந்து, கரியோடு சேர்ந்து செதிலாக உரிந்து விழும். மேகம் மூடிய நாளில் தெளிக்க வேண்டாம்.

கொத்தின் மேல் வெள்ளை மாவு படிந்திருந்தால் சாம்பல் நோய். பனி விழும் காலையும் குளிர்ந்த இரவும் அதற்குப் பிடிக்கும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், காலை நேரத்தில். உச்சி வெயிலில் தெளித்தால் பூவே கருகும். வெள்ளை இல்லாமல் கறுப்புப் புள்ளிகளாகத் தொடங்கிக் கொத்து முழுதும் கறுத்தால், அதுவும் தை மழைக்குப் பிறகு என்றால், கருகல் நோய். மரத்தில் இருக்கும் காய்ந்த குச்சிகளில்தான் அது ஒளிந்திருக்கும். அவற்றை ஆடியில் ஒடித்து எரித்துவிடுங்கள்.

பூ முழுதாக விரிந்து ஈயும் தேனீயும் மொய்க்கும்போது எந்த மருந்தும் வேண்டாம். மாவுக்கு மகரந்தம் சேர்க்கும் வேலையில் ஈக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அவற்றைக் கொன்றுவிட்டுக் காய்க்குக் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

*ஆளைக் கூப்பிடும் கட்டம்:* இரண்டு பருவம் தொடர்ந்து கொத்து முழுதும் கருகினால், கருகிய கொத்து ஒன்றையும் இலை சிலவற்றையும் காகிதப் பையில் போட்டு உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்கோ எடுத்துப்போங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்த்து அழுகிவிடும். கடைக்காரர் சொல்லும் மூன்று நாலு மருந்துக் கலவையை அதற்கு முன் வாங்க வேண்டாம்.

அறிகுறி: பூவும் இல்லை, மரமும் சோர்ந்து நிற்கிறது

மற்ற அறிகுறிகளுக்கு ஒரு பருவம் காத்திருக்கலாம், இதற்கு முடியாது. இலை வெளிறி, நுனிக் கிளைகள் மேலிருந்து காய்ந்துகொண்டு வந்தால் பூவை மறந்துவிட்டு மரத்தைக் காப்பாற்றப் பாருங்கள்.

அடிமரத்தைச் சுற்றி முதலில் பாருங்கள். தண்டை ஒட்டி சிமென்ட் தளமோ பேவர் கல்லோ போட்டிருந்தால் நாலடி அகலத்துக்காவது பெயர்த்தெடுங்கள். வீடு கட்டியபோது அடிமரத்தில் மண் ஏற்றியிருந்தால் பழைய மட்டம் தெரியும் வரை சுரண்டி எடுங்கள். போர்வெல், காம்பவுண்டுச் சுவர், கழிவுநீர்க் குழாய் என்று சமீபத்தில் பள்ளம் தோண்டி வேரை அறுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். வேர் போயிருந்தால் அந்தப் பக்கக் கிளையைக் கொஞ்சம் குறைத்து, மூடாக்குப் போட்டு, அளவாகத் தண்ணீர் விடுங்கள்.

அப்புறம் தண்டையும் பெரிய கிளைகளையும் கண்ணால் தடவிப் பாருங்கள். பட்டையில் ஓட்டை, அதிலிருந்து மரத்தூள், கீழே தரையில் சக்கைக் குவியல், கறுத்த சாறு வடிந்த தடம் இருந்தால் உள்ளே தண்டு துளைப்பான் புழு இருக்கிறது. ஒரே ஓட்டை என்றால் வளைத்த கம்பியை நுழைத்துப் புழுவைக் குத்தி இழுத்துவிட்டு, ஓட்டையைக் களிமண்ணால் அடைக்கலாம். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். புதுத் தூள் விழுந்திருந்தால் புழு இன்னும் இருக்கிறது.

*ஆளைக் கூப்பிடும் கட்டம்:* ஓட்டை ஒன்றுக்கு மேல் இருந்தாலோ, தட்டினால் தண்டு பொக்கையாகச் சத்தம் கொடுத்தாலோ, மரத்தின் மூன்றில் ஒரு பங்கு காய்ந்திருந்தாலோ அன்றைக்கே கூப்பிடுங்கள். கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். பேசும்போது மரத்தின் வயது, ரகம், எந்தப் பக்கம் காய்கிறது, கடைசியாக எப்போது வெட்டியது, சுற்றி எப்போது பள்ளம் தோண்டியது, இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு சொன்னால் அவர்களால் உருப்படியாக வழி சொல்ல முடியும். வீட்டை ஒட்டிச் சாய்ந்த மரம் என்றால் தொலைபேசி ஆலோசனையோடு நிறுத்தாமல், மரத்தை நேரில் பார்க்க ஒருவரை வரவழையுங்கள்.